குழுமம் என்ற ஒரு சொல்

துணை விமானிகள் எல்லாரும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சட்டம் படித்தவள் இல்லை. பணி விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள், அவ்வளவுதான். ஓய்வு நேரம் முடியும் முன்பே யாரையாவது வேலைக்கு வரச் சொல்லி, பணி அட்டவணை போடும் ரோஸ்டர் பிரிவு அழைத்தால், அந்த ஆள் உடனே இவளுக்கு போன் போடுவார்.

“வக்கீல், கிளம்பி வரச் சொல்றாங்க. போகணுமா?”

“நேத்து எப்ப இறங்கின?”

“இருட்டினதுக்கு அப்புறம்தான்.”

“அப்ப போத்திக்கிட்டுப் படு. மறுபடி கூப்பிட்டா, வக்கீல் படுக்கச் சொன்னாங்கன்னு சொல்லு.”

விமானத்தின் முன்னறையில் கேப்டன் இடப்பக்கம் உட்காருவார், துணை விமானி வலப்பக்கம். இருவரும் மாறி மாறித்தான் ஓட்டுவார்கள். ஆனால் கடைசிச் சொல் இடப்பக்கத்துடையது. அவளும் துணை விமானியாக இருந்த அந்த விமானக் கம்பெனியில் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போக ஒரே வழி பணிமூப்பு. வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். ஒரு கேப்டன் ஓய்வு பெற வேண்டும், அல்லது கம்பெனி புது விமானம் வாங்க வேண்டும். கேப்டன்களோ கல்லுக்குண்டு மாதிரி ஆரோக்கியமாக இருந்தார்கள். கம்பெனியோ பல வருடங்களாக ஒரு விமானம்கூட வாங்கவில்லை. புதிதாகக் கல்யாணமானவர்களிடம் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்பதுபோல், சொந்தக்காரர்கள் துணை விமானிகளைப் பார்த்தால் “இடப்பக்கம் எப்போ?” என்று கேட்பார்கள். வக்கீலிடம் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே சலித்துப் போயிருந்தது.

அவளுக்கு அம்மா அப்பா இல்லை. அக்காவும் அத்தானும்தான். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அத்தான் அதே கம்பெனியில் பெரிய கேப்டன். விமானிகள் சங்கத்தின் தலைவரும் அவர்தான். அவர் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது இவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். விமானப் பயிற்சி முடித்து முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கிய அன்று, ஓடுபாதை ஓரத்தில் வெயிலில் நின்று காத்திருந்தவர் அத்தான். பக்கத்துத் தெருவில்தான் அவளுடைய வீடு. விடுமுறை நாட்களில் சாப்பாடு அக்கா வீட்டில். அந்தச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கென்று ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தது.

அத்தான் சத்தமாகப் பேசமாட்டார். கூட்டத்தில் அவர் எழுந்தால் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். குரலை உயர்த்தாமலே நிர்வாகத்தை இரண்டு முறை பணிய வைத்தவர் என்று பெயர்.

துணை விமானிகள் இப்படிக் காத்துக் கிடந்த சமயத்தில்தான் நிர்வாகம் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. முப்பது புது விமானங்கள் வாங்குவோம், ஆனால் விமானிகளும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். சம்பளத்தோடு வரும் படிகள் குறையும். ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் இடையே ஓய்வு நேரம் சுருங்கும். விமானங்கள் வரும்வரை பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படும். மூத்த கேப்டன்களின் ஓய்வூதிய நிதியிலும் கை வைக்கப் போவதாக முதலில் சொன்னார்கள்.

சங்கம் இரண்டாகப் பிளந்தது. ஓய்வறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டாடியவர்கள் வேறு வேறு மூலைகளில் தேநீர் குடித்தார்கள். இளையவர்களுக்கு விமானம் வேண்டும். விமானம் வந்தால் இடப்பக்கம் வரும். மூத்தவர்களுக்கு இருப்பது போகாமல் இருந்தால் போதும். பேச்சுவார்த்தை நாட்கணக்கில் நடந்தது. அத்தான் வீட்டுக்கு வந்தாலும் சாப்பாட்டில் கை அளைந்துகொண்டே இருப்பார். கடைசியில் ஒப்பந்தம் உருவானபோது, மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஓய்வூதிய நிதி மட்டும் தப்பித்திருந்தது. சங்கத்தின் வெற்றி என்றார்கள். நிதி எப்படித் தப்பியது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல சேதியைத் துருவிக் கேட்க யாருக்கு மனசு வரும்?

வக்கீல் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தாள். ஒரு சொல்லில் அவள் கண் நின்றது. பழைய ஒப்பந்தத்தில் ‘கம்பெனியின் விமானங்கள் அனைத்தையும் சங்க விமானிகளே, பணிமூப்பு வரிசைப்படி ஓட்டுவார்கள்’ என்று இருந்தது. அது அப்படியேதான் இருந்தது. ஆனால் புதிதாகச் சேர்த்த பகுதியில் ‘முப்பது விமானங்கள் குழுமத்தில் சேர்க்கப்படும்’ என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அத்தான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இவள் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அத்தான், அதுல குழுமம்னு ஒரு வார்த்தை இருக்கே. கம்பெனின்னு ஏன் போடலை?”

அவர் குழாயை மூடினார்.

“வக்கீலம்மா கேஸை ஆரம்பிச்சாச்சா?”

“இல்ல அத்தான், நிஜமாவே கேக்கறேன். நாளைக்கு வேற ஒரு கம்பெனியைத் தொடங்கி, அதுவும் குழுமம்தான்னு சொன்னா?”

“அது அவங்க எழுத்து நடைம்மா. இப்பல்லாம் நாற்காலி வாங்கினாக்கூடக் குழுமம்னுதான் எழுதறாங்க. நான் இருக்கும்போது உன் இடத்தை வேற ஒருத்தனுக்குக் குடுத்துருவேனா?”

சொல்லிவிட்டு ஈரக்கையால் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அவளுக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. அக்கா மேசையில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

மறுநாளிலிருந்து வக்கீல் துணை விமானிகளிடம் பேச ஆரம்பித்தாள். அத்தான் கேட்டுக்கொண்டதால்தான். “நான் சொன்னா தலைவர் சொல்றார்னு நினைப்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க” என்றார். அது உண்மைதான். ஓய்வறையிலும், விமானத்துக்குப் போகும் பேருந்திலும், சிமுலேட்டர் பயிற்சிக் கூடத்தின் வராந்தாவிலும் அவளைப் பிடித்து நிறுத்திச் சந்தேகம் கேட்டார்கள். அவள் சலிக்காமல் பதில் சொன்னாள்.

அவர்களில் சுருட்டை முடிக்காரன் ஒருவன் இருந்தான். சுருட்டை என்றே பெயர் ஆகிவிட்டது. இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானங்களில் துணை விமானி. கடல் கடந்த ஒரு கம்பெனி அவனை நேரடியாகக் கேப்டனாகவே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மனைவிக்கு இங்கே வேலை. பெண் குழந்தை அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். போவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தான்.

“வக்கீல், எனக்கு ஒளிவு மறைவு இல்லாம சொல்லுங்க. விமானம் வந்தா நமக்குத்தானா?”

“நமக்குத்தான். அந்த வார்த்தையைப் பத்தி நானே தலைவர்கிட்டக் கேட்டேன்.”

“கேட்டீங்களா?”

“நேருக்கு நேரா கேட்டேன்.”

“அப்ப சரி” என்றான். அன்று சாயங்காலமே அந்த வெளிநாட்டு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு மூத்த கேப்டன். எந்தத் தீர்மானம் வந்தாலும் முட்டுக்கட்டை போடுவார் என்பதால் அவருக்கு முட்டுக்கட்டை என்றே பட்டப்பெயர். ஓய்வுபெற அதிக காலம் இல்லை. ஒப்பந்தத்தால் அவருக்கு லாபம்தான், நஷ்டம் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றார்.

சங்கத்தின் கூடம் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. எப்போதும் ரப்பர் வாடை. வாக்கெடுப்புக்கு முந்தைய கூட்டத்தில் முட்டுக்கட்டை எழுந்து நின்றார்.

“எனக்கு வேண்டியது எல்லாம் இதுல இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு. எனக்குக் குடுத்ததை யார் இலையிலேருந்து எடுத்தாங்கன்னு தெரியலையே. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறப்பா. இங்க இருக்கற சின்னவங்க எல்லாரும் அதை ஞாபகம் வச்சுக்கணும்.”

வக்கீல் எழுந்து அவருக்குப் பதில் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். கைதட்டினார்கள். வாக்கெடுப்பில் ஒப்பந்தம் மயிரிழையில் ஜெயித்தது. துணை விமானிகளின் வாக்கு இல்லாவிட்டால் தோற்றிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. படிகள் குறைந்தன, ஓய்வு சுருங்கியது. விமானம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தார்கள்.

முதல் விமானம் வந்தே விட்டது. வேலையை விட்டுவிட்டு எல்லாரும் கண்ணாடிச் சுவர் ஓரம் போய் நின்றார்கள். வால் பகுதியில் கம்பெனியின் அதே சின்னம்தான். நிறம் மட்டும் வேறு. உடம்பில் கம்பெனிப் பெயருக்கு அடியில் சின்னதாக இன்னொரு பெயர். படிக்கட்டு வழியே இறங்கி வந்தவர்கள் சாம்பல் நிறச் சீருடை போட்டிருந்தார்கள். ஒருவரையும் அவளுக்குத் தெரியவில்லை. தோளில் நான்கு கோடுகள் தைத்திருந்த கேப்டன், அவளைவிட வயதில் சின்னவன், நேரே அவளிடம் வந்து மரியாதையாகக் கேட்டான்.

“மேடம், விமானிகள் ஓய்வறை எந்தப் பக்கம்?”

அவள் கையைக் காட்டினாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

விஷயம் அன்றே வெளியாகிவிட்டது. நிர்வாகம் புதிதாக ஒரு கம்பெனியைத் தொடங்கியிருந்தது. அதில் சங்கம் கிடையாது, பணிமூப்பு கிடையாது. ஒப்பந்தக்கூலிக்கு வெளியிலிருந்து விமானிகள். முப்பது விமானங்களும் அங்கேதான் போகும். கேட்டதற்கு, “குழுமம் என்றுதானே எழுதியிருக்கிறது? அதுவும் நம் குழுமம்தானே?” என்று பதில் வந்தது. சின்ன விமானங்கள் பறந்த வழித்தடங்களையும் புதுக் கம்பெனிக்கே மாற்றினார்கள். அந்த விமானங்களை ஓட்டிய துணை விமானிகளுக்கு வேலை இல்லை என்று ஆனது. அதில் சுருட்டையும் ஒருவன்.

கூடத்தில் உட்கார இடமில்லாமல் கூட்டம் சேர்ந்தது. அத்தான் மேடையில் எழுந்து நின்றார். குரல் வழக்கம்போலத் தாழ்ந்துதான் இருந்தது.

“நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாங்க. எனக்கு இதுக்கு மேல வார்த்தை வரலை. வழக்குப் போடுவோம்.”

பின்வரிசையிலிருந்து ஒருவன், “உங்களுக்குத் தெரியாதா தலைவரே?” என்று கேட்டான். வக்கீலுக்குக் கோபம் வந்தது. எழுந்து, “அவரே ஏமாந்து நிக்கறாரு. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க” என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தான் பயணம் போயிருந்தார். அக்கா அவருடைய சீருடைச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவள் எதிரில் உட்கார்ந்து, தேய்த்த சட்டைகளுக்குத் தோள் பட்டைகளை மாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சு சுருட்டையைப் பற்றித் திரும்பியது. வீட்டைக் காலி செய்துகொண்டு மாமியார் வீட்டோடு போய்விட்டான் என்று இவள் சொன்னாள். வழக்கு நிற்காது என்று சங்கத்துக்காக வாதாடும் வழக்கறிஞரே கைவிரித்துவிட்டதையும் சொன்னாள்.

“அவருக்கும் தூக்கமே இல்லை” என்றாள் அக்கா. “அப்பவே சொன்னாரு, புது விமானம் வேற கம்பெனிக்குப் போனா சின்னவங்க வயித்தெரிச்சல் நம்மளச் சும்மா விடாதுன்னு.”

இவள் கை நின்றது.

“எப்ப சொன்னாரு?”

அக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது அவள் முகத்தில் மெதுவாகத் தெரிந்தது.

“எப்பன்னு என்ன. பேச்சுவார்த்தை நடந்தப்ப.”

“ஓட்டுக்கு முன்னாடியா?”

அக்கா பெட்டியை மறுபடி எடுத்துச் சட்டைக் காலரில் வைத்தாள்.

“அக்கா, ஓட்டுக்கு முன்னாடியே அவருக்குத் தெரியுமா?”

“நிதியில நாங்க கை வைக்காம இருக்கணும்னா அந்த ஒரு வார்த்தைக்கு ஒத்துக்கோங்கன்னாங்களாம். வேற வழியில்லைன்னாரு. அத்தனை பேரும் வயசானவங்க, எங்க போவாங்கன்னாரு.”

“அன்னைக்கு நான் தட்டு துடைச்சுக்கிட்டே அவர்கிட்டக் கேட்டேனே. நீயும் இங்கதானே உக்காந்திருந்த?”

“உனக்குத் தெரியாம இருக்கறதுதான் உனக்கு நல்லதுன்னு சொன்னாருடி.”

சட்டைக் காலர் லேசாகக் கருகிய வாடை வந்தது. அக்கா திரும்பிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். வக்கீல் மடியிலிருந்த தோள் பட்டைகளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். பக்கத்துத் தெருவுக்குப் போக அவளுக்கு அன்று வெகு நேரம் ஆயிற்று.

அந்த வாரமே ரோஸ்டரில் அவளையும் அத்தானையும் ஒரே விமானத்தில் போட்டிருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க அவளுக்கு மனமில்லை. காலை விமானம். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது விதி. அதுவரை இருவரும் செக்லிஸ்ட் படித்தார்கள், பதில் சொன்னார்கள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. மேலே ஏறி, விமானம் தானாகப் பறக்க ஆரம்பித்ததும் அவள் முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

“அக்கா சொல்லிட்டா.”

“என்கிட்டயும் சொன்னா. நீ எந்திரிச்சுப் போனதை.” சற்று நிறுத்தி, “இங்க வேணாம்மா. இங்க பேசறது எல்லாம் பதிவாகும்” என்றார்.

“பதிவாகட்டும். ரெண்டு மணி நேரத்துல அழிஞ்சுதானே போகப் போகுது.”

அவர் சீட்டை ஒரு விரற்கடை பின்னால் தள்ளிக்கொண்டார்.

“ரெண்டே வழிதான் இருந்துச்சு. நிதியில கை வைக்க விடணும். இல்லேன்னா அந்த வார்த்தைக்கு ஒத்துக்கணும். உங்களுக்கெல்லாம் வயசு இருக்கு, எங்க போனாலும் பொழைச்சுக்குவீங்க. அறுபதைத் தொட்டவன் எங்க போவான்?”

“அதை எங்ககிட்டயே சொல்லிக் கேட்டிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா வேண்டாம்னு ஓட்டுப் போட்டிருப்பீங்க.”

“அதுக்குப் பேருதானே அத்தான் ஓட்டு.”

அவர் முன்னால் இருந்த திரையில் ஒரு எண்ணைச் சரிபார்த்தார்.

“உங்க பணமும் அந்த நிதியில இருக்குல்ல?”

“இருக்கு” என்றார். அதை மறைக்கவில்லை.

“என்னை ஏன் அனுப்பினீங்க? நீங்களே போய்ப் பேசியிருக்கலாமே. மேடையில நின்னு கழுத்தறுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே, அது யாரை?”

கதவு மணி அடித்தது. பணிப்பெண் இரண்டு தேநீருடன் உள்ளே வந்தாள். “என்ன, இன்னைக்கு அத்தானும் மச்சினியும் அமைதியா வர்றீங்க?” என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள். இருவரும் நன்றி சொன்னார்கள். தேநீர் ஆறிக் கிடந்தது.

“உன்னைத் தவிர யாரு சொன்னாலும் அவங்க நம்பியிருக்க மாட்டாங்க” என்றார் அத்தான் கடைசியில். “அதனாலதான்.”

இறங்கும் முறை அவளுடையது. கீழே காற்று குறுக்காக வீசிக்கொண்டிருந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகு விமானம் ஒருக்களித்துத் தூக்கிப் போட்டது. அத்தான் வேகத்தையும் உயரத்தையும் காற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பெரிய காற்று அடித்து இடப்பக்கம் தள்ள, அவள் “கோ அரவுண்ட்” என்றாள். இறங்காமல் திரும்ப மேலே ஏறப் போகிறேன் என்று அர்த்தம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை வேலையைத் தொடங்கிவிட்டது. சக்கரங்கள் உள்ளே போயின. “ஏறுது, நல்லா ஏறுது” என்றார். ஒரு வட்டம் சுற்றி வந்து இரண்டாவது முறை மெத்தென்று இறக்கினாள்.

அந்த வட்டத்தில்தான் அவளுக்கு அழுகை முட்டியது. அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் அவள் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். எண்ணூறு அடி என்றால் எண்ணூறு அடி. இத்தனை வருடத்தில் காக்பிட்டில் அவர் ஒரு பொய் சொன்னதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்த உண்மையின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதே வாய்தான் பாத்திரம் கழுவும் தொட்டியின் முன் நின்று வேறு மாதிரிப் பேசியது.

பயணிகள் இறங்கிய பிறகு, “சரியான முடிவு எடுத்த. வீட்டுக்கு வா, பேசலாம்” என்றார்.

“பேசியாச்சு, அத்தான்.”

அடுத்த கூட்டத்தில் அவள் பேசப் போகிறாள் என்று அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வீட்டுக்கே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

“மேடையில அவரைப் பத்திச் சொல்லப் போறியாமே.”

“அவரைப் பத்தி மட்டும் இல்லை. நான் சொன்னதைப் பத்தியும்தான்.”

“இதுல என்னை இழுத்துடாத.”

“யாராவது கேட்டா நீ உள்ளதைச் சொல்லுவியா, மாட்டியா?”



“உன்கிட்ட சொன்னப்ப நான் உன் அக்கா. அங்க வந்தா நான் அவர் பொண்டாட்டி. என்னை அங்க கூப்பிடாத.”

கூட்டத்தில் வக்கீல் எழுந்தாள். சுற்றி வளைக்கவில்லை. தலைவரிடம் அந்தச் சொல்லைப் பற்றி நேரில் கேட்டதையும், அவர் சொன்ன பதிலையும், அதை நம்பித் தானே எல்லாரிடமும் போய்ச் சொன்னதையும் சொன்னாள். அவருக்கு முன்பே எல்லாம் தெரியும் என்பதை இப்போது அவரே தன்னிடம் ஒப்புக்கொண்டார் என்றும் சொன்னாள். கூடம் அடங்கியது. எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள்.

அவர் ஒப்புக்கொள்வார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். விமானத்தில் அந்த நிதியில் தன் பணமும் இருக்கிறது என்று மறைக்காமல் சொன்ன மனிதர் அல்லவா. அத்தான் எழுந்தார். தாழ்ந்த குரலில் பேசினார்.

“என் மச்சினி நம்ம எல்லாரையும் போல மனசு நொந்து போயிருக்கா. அவ மேல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா நான் அப்படி எதுவும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை.”

அவள் நின்ற இடத்திலேயே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து முட்டுக்கட்டை திரும்பினார். “ஞாபகம் இல்லைன்னா உடனே டாக்டர்கிட்டச் சொல்லிடணும்பா. லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க” என்றார். சிலர் சிரித்தார்கள். மூத்த கேப்டன்கள் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கை தூக்கச் சொன்னார்கள். வேலை போனவர்களுக்கு இப்போது கை தூக்கும் உரிமை இல்லை. உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர் போய்விட்டது. தலைவர் தலைவராகவே இருந்தார்.

கூட்டம் கலையும்போது முட்டுக்கட்டை அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“உன் அத்தான் கெட்டவன் இல்லைம்மா. கெட்டவனா இருந்திருந்தா நாம கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருப்போம்” என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

மாடிப்படிக்குக் கீழே, அடுக்கி வைத்த டயர்களுக்குப் பக்கத்தில் சுருட்டை நின்றிருந்தான். உள்ளே வர உரிமை இல்லாததால் படியிலேயே நின்று கேட்டிருக்கிறான்.

“நான் பொய் சொல்லலைடா” என்றாள் அவள்.

“தெரியும் வக்கீல்.”

“என்னை நம்பறேல்ல?”

“நம்பறேன். அன்னைக்கும் நம்பினேனே.”

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வெளிநாட்டில் அந்தப் பழைய வேலை இப்போது இல்லையாம். சரக்கு விமானத்தில் துணை விமானியாக ஓர் இடம் கிடைத்திருக்கிறதாம். மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போகிறான். கிளம்பும்போது சொல்கிறேன் என்றான். சொல்லாமலே போய்விட்டான்.

அவளுக்கு இப்போதெல்லாம் யாரும் போன் செய்து சந்தேகம் கேட்பதில்லை. ஓய்வறையில் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. வணக்கம் சொல்வார்கள், வானிலை பேசுவார்கள். விதி எதையாவது பற்றிப் பேச்சு எழுந்தால் அவள் பக்கம் பார்க்காமல் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். அக்கா வீட்டுத் தெரு வழியே போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகப் பழகிக்கொண்டாள்.

முதலில் முட்டுக்கட்டை ஓய்வு பெற்றார். அப்புறம் அத்தானின் முறை வந்தது. கடைசிப் பயணத்துக்கு முந்தின வாரம் அக்கா போன் செய்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டதும் வக்கீல் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

“அவர் கடைசியா ஓட்டறப்ப நீ பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்படறாரு. தானா கேக்க மாட்டேங்கறாரு.”

“நீ கேக்கறியா, அவருக்காகக் கேக்கறியா?”

“நான்தான் கேக்கறேன். உன்னை நாங்கதானேடி வளர்த்தோம்.”

“ஆமா” என்றாள் இவள். “அதை நான் இல்லைன்னு சொல்லலையே அக்கா. எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு.”

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு வீடுகளுக்கும் கேட்கிற தூரம்தான், போனிலும் ஒரு தடவை கேட்டது.

“வரமாட்டியா?”

“வரமாட்டேன்.”

அக்கா திட்டவில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அத்தான் கடைசியாகப் பறந்த அன்று அவளுக்கு வேறு ஊருக்குப் பயணம் இருந்தது. அவள் வலப்பக்கம் உட்கார்ந்து போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தாள். ஓய்வறையில் மாலைகளும் பாதி வெட்டிய கேக்கும் இருந்தன. யாரோ ஒரு துண்டைக் காகிதத் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு, மறுநாள் ரோஸ்டரைப் பார்க்கப் போனாள்.